பறித்த பின்னும் மூச்சு விடும் கனி



2025ஆம் ஆண்டில் ரமலான் நோன்பு மார்ச் மாதத்தில் வந்தது. நோன்பு திறக்க நாம் அமர்ந்த விரிப்பில், பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்தில் நறுக்கிய ஆப்பிளும் பல வீடுகளில் இருந்திருக்கும். காஷ்மீரத்தில் ஆப்பிள் பறிப்பு ஆகஸ்டில் தொடங்கி, மிஞ்சிப்போனால் நவம்பர் முற்பகுதியோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் அங்கே பனிக்காலம். அப்படியானால், மார்ச்சில் நம் பல்லில் 'நறுக்'கென்று கடிபட்ட காஷ்மீர் ஆப்பிளுக்கு, மரத்தை விட்டுப் பிரிந்து நான்கு மாதமோ ஐந்து மாதமோ ஆகியிருக்க வேண்டும்.

"ஐந்து மாதம் கெடாத பழத்தைப் பிள்ளைகளுக்கு எப்படித் துணிந்து கொடுப்பது? ஏதோ மருந்து போடுகிறார்களாமே?" என்று ஒரு சகோதரி கேட்டார். கேள்வி நியாயமானது. நம் வீட்டு மேசையில் வைத்த ஆப்பிள் பத்து நாளில் மாவுபோல் ஆகிவிடுகிறது; தோல் சுருங்கிவிடுகிறது. அதே பழம் எங்கோ ஒரு கிடங்கில் ஐந்து மாதம் இருந்து, நேற்றுப் பறித்ததுபோல் வருகிறது என்றால் யாருக்கும் ஐயம் எழத்தான் செய்யும். இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். பறித்தவுடன் கனி இறந்துவிடுவதில்லை. மரத்தில் இருந்தபோது விட்ட மூச்சைக் கூடையிலும் விட்டுக்கொண்டே இருக்கிறது. நம்மைப் போலவே காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, கரியமில வாயுவை வெளிவிடுகிறது. வேர் இல்லை, இலை இல்லை; மரம் ஊட்டுவதும் நின்றுவிட்டது. ஆகவே தன்னுள் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையையும் புளிப்பையும் எரித்தே அது உயிர் வாழ்கிறது. சேமிப்பு தீரத் தீரச் சாரம் குறைகிறது, சதை தளர்கிறது, கடைசியில் பூஞ்சைக்கு இரையாகிறது. வெப்பம் 10 பாகை கூடும் ஒவ்வொரு முறையும் இந்த மூச்சு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ விரைவடைகிறது. நம் ஊர் வெயிலில் வைத்த ஆப்பிள் ஓடி ஓடி மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் வைத்தால் நிதானமாக விடுகிறது. குளிர்பதனக் கிடங்கின் தத்துவம் இவ்வளவுதான்.

ஆனால் குளிர் மட்டும் போதவில்லை. இங்கிலாந்தில் விளையும் சில ஆப்பிள் வகைகளுக்குக் கடுங்குளிர் ஒத்துக்கொள்ளாது. உள்சதை பழுப்பாகி உதிர்ந்துவிடும். குளிரைக் குறைத்தால் மூச்சு விரைவடைகிறது. கூட்டினால் சதை கெடுகிறது. இந்த இக்கட்டிலிருந்து வழி கண்டவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார் இருவர்: பிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட்.

கிட் முதலில் கையில் எடுத்தது ஆப்பிளை அல்ல, வெண்கடுகு விதையை. கரியமில வாயு மிகுந்த காற்றில் வைத்த கடுகு முளைக்காமல் உறங்குவதை 1914 வாக்கில் அவர் கண்டார். விதை சாகவில்லை, அதன் உயிர்த்தொழில் அடங்கியிருந்தது. அப்போது முதல் உலகப் போர் வந்தது. உணவை வெளிநாடுகளிலிருந்து கப்பலில் தருவித்துக்கொண்டிருந்த இங்கிலாந்துக்கு, விளைந்ததை வீணாக்காமல் காப்பது உயிர்ப் பிரச்சினையாயிற்று. அதற்கென அரசு உணவு ஆராய்ச்சி வாரியம் ஒன்றை அமைத்தது. விதையை உறங்க வைக்கும் வாயு கனியையும் உறங்க வைக்குமா என்ற கேள்வியோடு, 1918இல் கிட்டும் வெஸ்ட்டும் ஆப்பிள்களைக் காற்றுப்புகாத கலங்களில் அடைத்து ஆராயத் தொடங்கினார்கள்.

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்லிவிட வேண்டும். பிராணவாயு இல்லாத காற்றில் காய்கள் பழுப்பதில்லை என்பதை, பிரான்சு நாட்டு மோன்பெலியே நகரத்து வேதியியலார் ஜாக் பெரார் 1821இலேயே எழுதி வைத்துவிட்டார். அதை எடுத்துப் பயன்படுத்த ஒருவரும் முன்வரவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. எத்தனை நல்ல உண்மைகள் இப்படி அலமாரிகளில் தூங்குகின்றனவோ!

இந்த ஆய்வின் இடையில், ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த ஆப்பிள்கள் வேறொரு பாடத்தைக் கற்பித்தன. வெளித்தோற்றத்தில் குறையில்லை. வெட்டிப் பார்த்தால் நடுப்பகுதி பழுப்பேறிக் கிடந்தது. 'பழுப்பு இதய நோய்' என்று அதற்குப் பெயர். கிருமியைத் தேடினார்கள், கிருமி இல்லை. கப்பலின் அடித்தளத்தில் காற்றோட்டமின்றி அடைபட்ட பழங்கள், தாம் விட்ட மூச்சிலேயே தாம் திணறிப் போயிருந்தன என்பதைக் கிட்டும் வெஸ்ட்டும் 1923இல் வெளியிட்ட அறிக்கை தெளிவாக்கியது. மருந்தும் அளவு மீறினால் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொல்வது கரியமில வாயுவுக்கும் பொருந்திற்று. அளவோடு இருந்தால் கனியை உறங்க வைக்கிறது, மிஞ்சினால் உள்ளிருந்தே அழிக்கிறது. எந்த வகைக்கு எவ்வளவு என்பதைக் கண்டறிவதே பின்னர் பல்லாண்டு உழைப்பாயிற்று.

அவர்கள் கண்ட முறையின் எளிமைதான் எனக்கு வியப்பு. வாயுவை வெளியிலிருந்து கொண்டுவரவே வேண்டாம். காற்றுக் கசியாத அறையில் ஆப்பிளை அடுக்கிக் கதவை மூடிவிட வேண்டியதுதான். பழங்கள் மூச்சு விட விட, அறையில் பிராணவாயு குறைந்து கரியமில வாயு கூடிக்கொண்டே போகும். நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு 21 விழுக்காடு. கரியமில வாயு ஒரு விழுக்காட்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. சமையலுக்கென்றே இங்கிலாந்தில் வளர்க்கப்படும் பிராம்லி என்ற புளிப்பு ஆப்பிளுக்குக் கரியமில வாயு 8 முதல் 10 விழுக்காடு வரை இருக்கலாம். அந்த அளவை எட்டியதும் சிறு துவாரத்தைத் திறந்து கொஞ்சம் வெளிக்காற்றை விட்டால் போதும். பழம் தனக்குத் தானே தாலாட்டுப் பாடிக்கொள்கிறது. மனிதன் செய்வது கதவைக் காப்பது மட்டுமே.

1927இல் இந்த ஆராய்ச்சி முழு அறிக்கையாக வெளிவந்தது. 1929இல் கென்ட் மாவட்டத்தில், கான்டர்பரிக்கு அருகில் ஒரு தோட்டக்காரர் இம்முறையில் முதல் வணிகக் கிடங்கைக் கட்டினார். ஒன்பது ஆண்டுகளில், 1938க்குள், இங்கிலாந்தில் இத்தகைய கிடங்குகள் இருநூறைத் தாண்டிவிட்டன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்மாக் இவர்களிடம் வந்து கற்றுப் போய்த் தம் நாட்டில் பரப்பினார். இன்று உலகெங்கும் இயங்கும் கிடங்குகளில் கருவிகள் பிராணவாயுவை 1 முதல் 3 விழுக்காட்டுக்குள் நிறுத்தி வைக்கின்றன. குளிர் 0 முதல் 3 பாகை வரை. ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல். பழம் உறங்கும் அந்த அறைக்குள் மனிதன் தெரியாமல் நுழைந்தால் சில நொடிகளில் மயங்கி விழுவான். மீட்க ஆளில்லையேல் உயிர் தப்புவது அரிது. அதனால்தான் அக்கதவுகளில் எச்சரிக்கைப் பலகை தொங்குகிறது.

சகோதரியின் கேள்விக்குப் பாதி விடை இதிலேயே வந்துவிட்டது. ஐந்து மாதப் பழத்தைக் காத்தது முதன்மையாகக் குளிரும் காற்றின் அளவும்தான். மீதிப் பாதிக்கு வருவோம்.

கனி பழுப்பதில் ஒரு திருப்பம் உண்டு. காய் முற்றும்வரை மூச்சு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும், பிறகு ஒருநாள் திடீரென மேலெழும்பி உச்சத்தை அடையும், அதன்பின் முதுமைதான். இந்த எழுச்சியையும் கிட், வெஸ்ட் இருவருமே 1925இல் விளக்கினார்கள். எழுச்சியைத் தூண்டுவது எத்திலீன் என்ற வாயு. அதைப் பழமே உண்டாக்குகிறது என்பதை 1934இல் ரிச்சர்டு கேன் என்பவர் வேதியியல் சோதனையால் மெய்ப்பித்தார். ஒரு பழம் விடும் எத்திலீன் பக்கத்துப் பழத்தையும் தூண்டும்; அது அடுத்ததைத் தூண்டும்.

இதை நம் பாட்டனார்கள் பெயர் தெரியாமலே அறிந்திருந்தார்கள். வாழைத்தாரைக் குழியில் இறக்கி மூட்டம் போடுவார்களே, அந்தப் புகையில் எத்திலீன் இருக்கிறது. மாங்காயை வைக்கோலில் புதைத்து வைப்பதும், அரிசிப் பானைக்குள் போட்டு மூடுவதும், காய் விடும் எத்திலீன் வெளியே பறந்துவிடாமல் அடைத்து வைக்கும் வழிகளே. நம் மக்கள் பழுக்க வைப்பதற்கு இதைப் பயன்படுத்தினார்கள். பழுக்காமல் வைத்திருக்க வேண்டும் என்ற தேவை வந்தபோது அதே அறிவை எதிர்த்திசையில் திருப்ப வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு சிஸ்லர், சில்வியா பிளாங்கன்ஷிப் ஆகிய இருவரும் 1990களில் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். மெத்தில்சைக்ளோபுரொப்பீன் என்று அதற்கு நீண்ட பெயர். எத்திலீன் வந்து திறக்க வேண்டிய பூட்டில், இது முந்திக்கொண்டு போய் அமர்ந்துவிடுகிறது. சாவி நுழைய இடமில்லை, பழமும் விழித்தெழுவதில்லை. உணவுப் பழங்களுக்கு 2002இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. பின் பல நாடுகளுக்கும் பரவியது. ஆகவே 'மருந்து' என்று சொன்னால், சில கிடங்குகளில் உண்மைதான். ஆனால் அது மிக நுண்ணிய அளவில் அறைக்குள் விடப்படும் வாயு. பழத்தின் மேல் தெளிக்கும் நஞ்சு அல்ல. மெழுகைப் பொறுத்தவரை, ஆப்பிளுக்கு இயற்கையாகவே மெழுகுத் தோல் உண்டு. அதற்கு மேலும் தேன்மெழுகு, கார்னாபா மெழுகு, அரக்கு ஆகியவற்றைப் பூச இந்திய உணவுச் சட்டம் இடமளிக்கிறது; ஆனால் அதை அட்டையில் குறிப்பிட வேண்டும். நம் கடைகளில் அந்தக் குறிப்பைத் தேடிக் களைத்தவர்களில் நானும் ஒருவன்.

குறை ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிராணவாயு குறைந்த அறையில் நெடுங்காலம் கிடந்த பழம் தன் நறுமணத்தில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. கடித்தால் முறுமுறுப்பு இருக்கும், இனிப்பும் இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் வாசனை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். தோட்டத்திலேயே பழுத்த ஆப்பிளை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும்.

கிடங்கு எவ்வளவு சிறந்ததாயினும், உள்ளே போகும் பழத்தின் தரத்தை அது கூட்டாது. இருப்பதைக் காக்கும், அவ்வளவே. ஆகவே சேமிப்பு உண்மையில் தோட்டத்திலேயே தொடங்குகிறது. மூச்சு மேலெழும்புவதற்கு முன் பறித்தால்தான் பழத்தை மாதக்கணக்கில் வைக்க முடியும்; மிக முன்னால் பறித்தால் சுவை வராது. அந்த நாளைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஆப்பிளைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசலில் நனைக்கிறார்கள். மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். சர்க்கரையாக மாறிவிட்ட இடம் வெளுத்தே இருக்கும். எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்த்து, இன்றைக்கா அடுத்த வாரமா என்று முடிவு செய்கிறார்கள்.

உரத்திலும் கவனம் வேண்டும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் பழம் பெருக்கும்; பார்க்க அழகாயிருக்கும்; கிடங்கில் நிற்காது. தோலுக்கடியில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து கசப்பேறும் நோய் ஒன்று உண்டு. பழத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவதே அதன் காரணம். வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து நீரோட்டத்தோடு மேலேறும்போது, நீரை மிகுதியாக ஆவியாக்கும் இலைகளே பெரும்பங்கைப் பெற்றுவிடுகின்றன; கனிக்கு மிச்சம்தான் கிடைக்கிறது. அதனால் கால்சியம் குளோரைடைக் கரைத்துப் பழத்தின் மேலேயே பலமுறை தெளிக்கிறார்கள். கென்டில் உள்ள கிழக்கு மாலிங் என்ற ஊரின் ஆராய்ச்சியாளர்கள், பறிப்புக்கு முன்பே பழத்திலுள்ள சத்துக்களை அளந்து, எந்தத் தோட்டத்துப் பழம் நெடுநாள் தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழியையும் வகுத்தார்கள். கடையில் பெரிய ஆப்பிளைத்தான் நாம் பொறுக்குகிறோம். நெடுநாள் நிற்பது பெரும்பாலும் நடுத்தர அளவுப் பழமே.

1913இல் நிறுவப்பட்ட அதே கிழக்கு மாலிங் நிலையத்தில்தான் ரொனால்டு ஹாட்டன், ஒட்டுக்கட்டப் பயன்படும் வேர்ச்செடிகளை வகை பிரித்து எண்ணிட்டார். அவற்றுள் எம்9 என்னும் குட்டை வேர்ச்செடி இன்று உலகமெங்கும், காஷ்மீரத்தின் புதிய அடர்நடவுத் தோட்டங்களிலும் வேரூன்றியிருக்கிறது.

காஷ்மீரத்தைத் தொட்டதால், இந்த ஆராய்ச்சியெல்லாம் ஒரு தோட்டக்காரருக்கு என்ன பொருள் தருகிறது என்பதை அங்கே வைத்தே பார்க்கலாம். நாட்டில் விளையும் ஆப்பிளில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜம்மு-காஷ்மீரிலிருந்து வருகிறது. ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டன். அத்தனையும் சில வாரங்களில் பழுத்து, பெரும்பகுதி ஒரே மலைச்சாலை வழியாக இறங்கி வர வேண்டும். ஸ்ரீநகர்-ஜம்மு நெடுஞ்சாலையில் மண் சரிந்தால் லாரிகள் நாட்கணக்கில் நிற்கும். உள்ளே பழங்கள் வெந்து அழுகும். 2022 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான லாரிகள் தேங்கி, பழச் சந்தைகளை மூடி விவசாயிகள் போராடினார்கள். 2025 ஆகஸ்ட் இறுதி மழையில் சாலை உடைந்தபோதும் அதே துயரம். அழுகிய பெட்டிகளைச் சாலையோரத்தில் கொட்டினார்கள். அந்தச் செப்டம்பரில்தான் பட்காமிலிருந்து தில்லிக்கு ஆப்பிள் ஏற்றிய ரயில் புறப்பட்டது.

ஓர் ஆண்டு முழுதும் மருந்தடித்து, கவாத்து செய்து, ஆலங்கட்டி மழைக்கு அஞ்சி வளர்த்த கனியை, பறித்த அன்றே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள். சந்தை நிரம்பி வழியும் அக்டோபரில் விலை சரிகிறது; பழம் அருகிய மார்ச்சில் ஏறுகிறது. இடையில் நான்கு மாதம் காத்திருக்க முடிந்தால் அந்த வேறுபாடு தோட்டக்காரரின் கைக்கு வரும். புல்வாமா மாவட்டத்து லாசிபோராவில் இத்தகைய காற்றுக்கட்டுப்பாட்டுக் கிடங்குகள் எழுந்திருக்கின்றன. ஆனால் மொத்த விளைச்சலில் சிறு பங்குக்கே அவற்றில் இடமுண்டு.

இடம் இருந்தாலும் எல்லாருக்கும் காத்திருக்க முடிவதில்லை. பெட்டிக்கும் மருந்துக்கும் கூலிக்கும் கமிஷன் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிய சிறு விவசாயி, பழத்தைப் பறித்தவுடன் அவரிடமே அனுப்பியாக வேண்டும். கிட்டும் வெஸ்ட்டும் கனியைக் காத்திருக்க வைத்துவிட்டார்கள், கடன் காத்திருப்பதில்லை. கிடங்கு கட்ட மானியம் தருவதோடு, கிடங்கில் வைத்த பழத்தின் பேரில் குறைந்த வட்டிக்கு விவசாயிக்குக் கடன் கிடைக்கச் செய்தால்தான் இந்த அறிவியல் தோட்டத்து வாசலை எட்டும் என்பது என் எண்ணம்.

இனி நம் அடுக்களைக்கு வருவோம். வாங்கி வந்த ஆப்பிளை மேசையில் அழகுக்கு அடுக்கி வைக்காதீர்கள். துளையிட்ட பையில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். கீரையோடும் கேரட்டோடும் சேர்க்க வேண்டாம். ஆப்பிள் விடும் எத்திலீன் கீரையை மஞ்சளாக்கும். கேரட்டைக் கசக்கச் செய்யும். அழுகத் தொடங்கிய ஒரு பழத்தை உடனே விலக்கிவிடுங்கள். கூட்டத்தைக் கெடுப்பது அதுதான். வாழைக்கு மட்டும் குளிர்ப்பெட்டி ஆகாது, தோல் கறுத்துவிடும். செங்காயாக வந்த வாழையோ மாம்பழமோ விரைவில் கனிய வேண்டுமென்றால், பழுத்த ஆப்பிள் ஒன்றைக் கூடச் சேர்த்துக் காகிதப் பையில் கட்டி வையுங்கள்.

சில வியாபாரிகள் இதற்குக் கார்பைடு கல்லைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால் சட்டம் அதை முற்றாகத் தடை செய்திருக்கிறது. பழுக்க வைக்கும் அறைகளில், பத்து லட்சத்தில் 100 பங்கு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்தவே அனுமதி உண்டு. கற்பொட்டலத்தைப் பழக்கூடையில் கண்டால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தயங்காமல் தெரிவியுங்கள்.

விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு வேடிக்கை காட்டலாம். பச்சை வாழைக்காயில் ஒரு வில்லை, நன்கு பழுத்த வாழைப்பழத்தில் ஒரு வில்லை நறுக்கி, மருந்துக் கடையில் கிடைக்கும் டிஞ்சர் அயோடினில் ஒரு சொட்டு எடுத்து, தண்ணீர் கலந்து இரண்டிலும் விடுங்கள். காய் கருநீலமாகும், பழம் அவ்வளவாக நிறம் மாறாது. வில்லைகளை மறக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள். வாழை என்றால் வாயில் போட்டுக்கொள்ளும் சின்னப் பிள்ளை ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும்.